கமாவுக்கு ஒரு மூச்சு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதே, ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுக்கொள் என்று போன வருடமே சொன்னேன். போட்டிருக்க மாட்டாய். நான் சொல்லி நீ எதைக் கேட்டிருக்கிறாய்?

தபாலில் கடிதம் வந்ததைப் பார்த்து உனக்குச் சிரிப்பு வரும். வேறு என்ன செய்வது? நம் மின்னஞ்சல் மடற்குழுவில் முப்பது நாள் நான் வாய் திறக்கக் கூடாது என்று நீங்கள் ஐந்து பேரும் கூடி முடிவு செய்துவிட்டீர்கள். தபால்பெட்டிக்குப் பூட்டுப் போட உங்களுக்கு அதிகாரம் இல்லை. அதனால் தடித்த பேனா ஒன்று வாங்கி எழுதுகிறேன். தொலைபேசியில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருடம் பேசிய பேச்சே போதும்.

உங்கள் அறிவிப்பு வந்தது. 'பொறுப்புக் குழு சார்பில்' என்று போட்டு, கீழே ஐந்து பெயர். உன் பெயர் முதலில், தலைவர் அல்லவா? தடை செய்ததுகூட எனக்கு உறைக்கவில்லை. 'தங்களுடைய சொற்கள் நடத்தை விதிகளை மீறியுள்ளன' என்று எழுதியிருந்தாய். தங்களுடைய! பேசக் கற்ற நாள் முதல் 'நீ', 'ஏய் அக்கா' என்று கூப்பிட்ட வாய். அறுபத்தொரு வயதில் எனக்கு மரியாதை கொடுக்க ஆரம்பித்திருக்கிறாய், அதுவும் வாசலுக்கு வெளியே நிறுத்துவதற்காக.

நான் செய்த குற்றம் என்ன? நடந்ததைச் சொல்கிறேன், நீயே தீர்ப்புச் சொல். இல்லை, தீர்ப்பைத்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டாயே. ஆனாலும் சொல்கிறேன்.

வாசிப்பான் நிரலை எழுதியது நான். உன் அத்தானுக்குப் பார்வை போன வருடம், என் நாற்பத்தாறாவது வயதில், நூலகத்தில் இரவல் வாங்கிய இரண்டு புத்தகங்களை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி எழுதினேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கணினி முதன்முதலாகச் செய்தித்தாளை வாய்விட்டுப் படித்த அன்று நீயும் எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தாய். நாம் இரண்டு பேரும் கைதட்டினோம். அவர் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இது என்ன, மூச்சு விடாம ஒப்பிக்குது? கமாவுக்கு ஒரு மூச்சு விடச் சொல்லு. நீ எக்ஸ்சேஞ்ச்ல பேசுவியே, அந்த மாதிரி" என்றார். கமா வரும் இடமெல்லாம் ஒரு வினாடியில் பத்தில் நாலு பங்கு நிறுத்தம் வைத்தேன். பத்தொன்பது வருடம் அந்த நிறுத்தத்தோடுதான் அவர் உலகத்தைக் கேட்டார். அவர் போய் நாலு வருடமாகியும் அது அங்கேயே இருக்கிறது.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம் என்று நிரலை உலகத்துக்குத் திறந்து வைத்ததும் நாம்தான். இன்றைக்கு நாற்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். சந்தோஷம். டிசம்பரில் ஒருத்தி வந்தாள். மடற்குழுவில் அவள் வைத்துக்கொண்ட பெயர் எறும்பு. எறும்பாம், பெயரிலேயே கடி. வந்த மூன்றாம் வாரம் ஒரு திருத்தம் அனுப்புகிறாள். நிறுத்தத்தை எடுத்துவிட வேண்டுமாம். 'எங்களுக்கு அது இடைஞ்சல்' என்கிறாள். யார் இந்த 'எங்களுக்கு'? அவளும் அவள் வீட்டுச் சர்க்கரை டப்பாவுமா?

நான் எழுதிய பதிலை நீங்கள் அறிவிப்பில் எடுத்து ஒட்டியிருந்தீர்கள். இங்கேயும் எழுதுகிறேன், ஒரு எழுத்தை மாற்ற மாட்டேன்: 'கண் தெரியாதவருக்கு எது வேண்டும் என்று எறும்பு எனக்குச் சொல்ல வேண்டாம். பத்தொன்பது வருடம் ஒருவரோடு வாழ்ந்து தெரிந்துகொண்டது அது. ஒரு நாள் முழுக்கக் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார். அப்புறம் வந்து பேசு.'

இதில் எந்தச் சொல் கெட்ட சொல்? உங்கள் நடத்தை விதிகளை எழுதியவர் யார்? உங்கள் ஐந்து பேரில் ஒருவரான அந்தப் பல் டாக்டர். பல்லைப் பிடுங்குகிறவர் நாக்குக்குச் சட்டம் எழுதுகிறார். நீ அதன் கீழே கையெழுத்துப் போடுகிறாய். அன்றிலிருந்து மடற்குழுவை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

ஸ்டூல் வாங்கு.

இப்படிக்கு,
தங்களால் தடை செய்யப்பட்ட அக்கா


ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. கடையில் வைத்துப் பிரித்தேன். படித்து முடிக்கும் வரை இரண்டு பேர் இருமல் மருந்துக்குக் காத்திருந்தார்கள். ஸ்டூல் வாங்கிவிட்டேன். உட்காரத்தான் நேரம் இல்லை.

'தங்களுடைய' என்ற சொல்லுக்காக என்னை நீ நாலு வார்த்தை திட்டலாம். அதை டாக்டர் எழுதவில்லை. நான்தான் எழுதினேன். முதலில் 'உன்னுடைய' என்று எழுதிப் பார்த்தேன். ஐந்து பேர் கையெழுத்துப் போடும் கடிதத்தில் அது வீட்டுச் சண்டை மாதிரி இருந்தது. 'தங்களுடைய' என்று மாற்றினேன். மாற்றிய பிறகு எனக்கே அது வேறு யாருக்கோ எழுதிய கடிதமாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்ததால்தான் என்னால் கையெழுத்துப் போட முடிந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அக்கா, இது ஒரு எறும்பு விஷயம் மட்டும் இல்லை. நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் பதினொரு பேர் உன் பதில் வந்த அதே வாரத்தில் குழுவை விட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார்: "அம்மா சொல்றது பாதி நேரம் சரிதான் சார். ஆனா அவங்க மடல் வந்தா ரெண்டு நாள் திறக்காமலே வெச்சிருக்கேன்." ஒருவர் ஆறு வாரம் உழைத்துச் செய்த திருத்தத்துக்கு 'குப்பை' என்று ஒரே சொல்லில் பதில் போட்டாயே, நினைவிருக்கிறதா? அவர் பள்ளிக்கூட ஆசிரியர். அதற்குப் பிறகு அவர் எதையும் அனுப்பவில்லை.

நீ நிரலைத் திறந்து வைத்தாய். கதவும் திறந்துதான் இருக்கிறது. வாசற்படியில் நீ நிற்பதால் யாரும் உள்ளே வரவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். தடை பிப்ரவரி 4ஆம் தேதி முடிகிறது. அன்று ஒரு வரி எழுது. மன்னிப்பு என்ற சொல்கூட வேண்டாம். 'அப்படி எழுதியிருக்கக் கூடாது' போதும். நான் மற்றவர்களிடம் பேசிக்கொள்கிறேன். எறும்பின் முதல் மடலையும் முடிந்தால் இன்னொரு தடவை முழுதாகப் படி.

ஒரு சந்தேகம். உன் கையெழுத்து ஏன் இவ்வளவு பெரிதாகிவிட்டது? ஒரு பக்கத்துக்கு ஒன்பது வரிதான் இருக்கிறது. கோபத்திலா?

அன்புடன்,
தம்பி


ஜனவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

எழுத மாட்டேன். ஒரு வரியும் எழுத மாட்டேன், அரை வரியும் எழுத மாட்டேன்.

எனக்கு மரியாதை தெரியாது என்று நினைக்கிறீர்கள். அதைப் பற்றிக் கேள். எக்ஸ்சேஞ்சில் என் மேஜைக்கு மேலே ஒரு அட்டை தொங்கும். மேற்பார்வையாளர் எழுதி மாட்டியது. 'தயவுசெய்து காத்திருங்கள்.' 'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.' 'நன்றி, வணக்கம்.' இந்த மூன்றைத் தவிர வேறு எதையும் நாங்கள் பேசக் கூடாது. எதிர்முனையில் ஒருவன் என் பிறப்பைப் பற்றிப் பேசுவான். நான் தயவுசெய்து காத்திருங்கள் என்பேன். ஒருவன் என்ன புடவை என்று கேட்பான். நான் சிரமத்துக்கு வருந்துவேன். மேற்பார்வையாளர் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பார். குரலில் ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் குறிப்பேட்டில் ஏறிவிடும். முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர் எழுதிக்கொடுத்த மரியாதையை நான் பேசினேன். அந்த மரியாதையில் ஒரு சொட்டு உண்மை கிடையாது.

வாசிப்பானைத் தொடங்கிய பிறகுதான் என் வாயால் நான் பேசினேன். சரி என்றால் சரி, குப்பை என்றால் குப்பை. அந்த ஆசிரியருடைய திருத்தம் உண்மையிலேயே குப்பை. வீட்டு எண்ணை எல்லாம் தேதி என்று படித்தது. அதை 'அருமையான முயற்சி' என்று சொல்லச் சொல்கிறாயா? நான் மிட்டாய்க் கடையா வைத்திருக்கிறேன்? இப்போது பல் டாக்டர் இன்னொரு அட்டை எழுதி மாட்டுகிறார். என் தம்பி பின்னால் நின்று ஒட்டுக்கேட்கிறான்.

உன் அத்தான் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. எனக்குக் கோபம் வந்தால், "எழுதிட்டியா? படிச்சுக் காட்டு" என்பார். படித்துக் காட்டுவேன். அவர் கேட்டுக்கொண்டே காப்பியை உறிஞ்சுவார். நானே நாலு வரியை அழிப்பேன். இப்போது படித்துக் காட்ட யாரும் இல்லை. அதற்காக என்னைத் தடை செய்வதா?

எறும்பின் மடலை நான் படித்துத்தான் பதில் எழுதினேன். இன்னொரு தடவை படிக்க அதில் ஒன்றும் இல்லை. கையெழுத்துக்குக் காரணம் பேனா. தடித்த பேனாவில் சின்ன எழுத்து எழுதினால் மை ஈஷிக்கொள்ளும். அறையில் விளக்கும் மங்கல். மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

தடை முடிந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. நீ எழுதுவாய் என்று மடற்குழுவைத் திறந்து திறந்து பார்த்தேன். நாலு தடவை தொலைபேசியில் கூப்பிட்டேன். நீ சொன்னபடியே எடுக்கவில்லை.

இதை உன்னிடம் சொல்ல வேண்டாம், நீயே படித்துத் தெரிந்துகொள்வாய் என்று காத்திருந்தேன். இனிமேல் சொல்லாமல் இருக்க முடியாது.

எறும்புக்குப் பார்வை கிடையாது அக்கா. பிறவியிலேயே. 'எங்களுக்கு' என்று அவள் எழுதியது அதனால்தான். தன்னைப் பற்றி அவள் அனுப்பிய முதல் மடலின் நடுப் பத்தியில் இதைச் சொல்லியிருக்கிறாள். படித்தேன் என்கிறாய். படித்துவிட்டா, ஒரு நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாய்? உன்னை எனக்குத் தெரியும். நீ கடுமையானவள், கொடுமையானவள் இல்லை. எனக்கு இது புரியவே இல்லை.

அன்று சாயங்காலமே அவள் கடைசி மடலைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நீ குழுவைத் திறப்பதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்:

'எனக்குக் கண் தெரியாது என்று முதல் மடலிலேயே சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தாலும் என்னிடம் இப்படிப் பேசியிருக்கலாமா? மரியாதையாகப் பேசப்படுவதற்கு மருத்துவச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்றால் அந்த இடம் எனக்கு வேண்டாம். என் திருத்தத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.'

குழு கூடியது. உன்னிடம் இருக்கும் சாவியைத் திரும்பப் பெற வேண்டும் என்று மூன்று பேர் சொன்னார்கள். நிரலில் எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று நீயாக முடிவு செய்யும் உரிமை இனி உனக்கு இருக்காது. நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. அக்காவைப் பற்றிய பேச்சில் தம்பிக்கு வாய் இருக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

ஆனால் குழு மட்டும் இதை முடிவு செய்ய முடியாது. நீ எழுதிய ஏழு நாள் விதி இருக்கிறது. பிப்ரவரி 12 மதியம் இந்த முன்மொழிவு மடற்குழுவில் வரும். 19 மதியத்துக்குள் யாராவது ஒருவர் 'மறுக்கிறேன்' என்று எழுதி ஒரு காரணமும் சொன்னால் அது அங்கேயே நின்றுவிடும். யாருமே எழுதவில்லை என்றால் எல்லோருக்கும் சம்மதம் என்று பொருள். இது உன் விதி. நீயே மறுக்கலாம். எல்லோரையும் போல உனக்கும் அந்த உரிமை இருக்கிறது. ஒரே சொல் அக்கா. மன்னிப்பு இல்லை, மறுப்பு. அது உனக்குக் கைவந்த கலைதானே?

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

முடிந்துவிட்டது. சாவியை 19ஆம் தேதி மதியம் நானே ஒப்படைத்துவிட்டேன். பார்த்திருப்பாய்.

நான் ஏன் மறுக்கவில்லை என்று கேட்பாய். எனக்காக நானே எழுதினால் அது மறுப்பு இல்லை, பிச்சை. நாற்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். இருபத்து மூன்று வருடம் நான் போட்ட உழைப்பில் உட்கார்ந்திருப்பவர்கள். ஒருவர், ஒரே ஒருவர் எழுதட்டும் என்று காத்திருந்தேன். ஏழு நாளும் காலையில் கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். முன்மொழிவுக்கு வந்த பதில்களைப் படி என்று வாசிப்பானுக்குச் சொன்னேன். அது படித்தது: 'புதிய பதில்கள், இல்லை.' அந்த வாக்கியத்தில் கமா போட்டது நான்தான். எதற்குப் போட்டேன் என்று நினைவில்லை. 'புதிய பதில்கள்' என்று சொல்லிவிட்டு அது ஒரு மூச்சு நிற்கும். அந்த ஒரு மூச்சு நேரம் எனக்கு நம்பிக்கை இருந்தது. ஏழு நாள், ஏழு தடவை.

நீயும் எழுதவில்லை.

வாசிப்பானை நான் ஏன் படிக்கச் சொன்னேன் என்று இந்நேரம் யோசித்திருப்பாய். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. அவருக்கு வந்தது வேறு, எனக்கு வந்திருப்பது வேறு. எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறை. ஓரக்கண்ணால் பார்த்தால் கொஞ்சம் தெரியும். உன் முகத்தைப் பார்த்தால் காதுகள் தெரியும், மூக்கு தெரியாது. போன வருடம் நீ வந்திருந்தபோது ஏன் இப்படிக் கோணலாகப் பார்க்கிறாய் என்று கேட்டாயே, அதுதான். விளக்கு மங்கல் இல்லை.

எறும்பின் முதல் மடலை அப்படித்தான் படித்தேன். மேல் பத்தியைப் படித்தேன். கடைசிப் பத்தியைப் படித்தேன். நடுப் பத்தி கறையில் போய்விட்டது. தெரிந்தேதான் விட்டேன். என்ன பெரிதாக எழுதியிருக்கப்போகிறாள் என்று விட்டேன். வாசிப்பானைப் படிக்கச் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் படித்திருக்கும். சொல்லவில்லை. அது அவருக்காகச் செய்தது. எனக்காக அதை நான் கூப்பிட்டால் எனக்கும் கண் போய்விட்டது என்று ஆகிவிடும். அந்த வீம்பு.

இதை நீ மற்றவர்களிடம் சொல்லக் கூடாது. கண் போனவள் என்று இரக்கப்பட்டு எனக்கு ஒருவரும் சலுகை தர வேண்டாம். அப்படிப் பேசியது கண்ணால் இல்லை, வாயால். வாய் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் முகவரியை எனக்கு அனுப்பு.

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். நீ வாங்கிய மாதிரியே தடித்த பேனா வாங்கினேன். ஓரக்கண்ணால் மெதுவாகப் படி.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையைச் சாத்திவிட்டேன். என் மனைவி, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். "அக்காவுக்குக் கண்ணு" என்று மட்டும் சொன்னேன். மருந்துச் சீட்டில் எறும்பு எறும்பாக எழுதியிருப்பதை எல்லாம் படிக்கிறேன். சொந்த அக்கா ஒன்பது வரியில் ஒரு பக்கத்தை நிரப்புவதைப் பார்த்துவிட்டு, கோபத்திலா என்று கேட்டேன்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 20ஆம் தேதி காலையிலிருந்து எனக்கு மடல்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் தனி மடல்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. அம்மா ஏன் மறுக்கவில்லை? நீ எழுதுவாய், எழுதினதும் பின்னாலேயே 'நானும் மறுக்கிறேன்' என்று எழுதலாம் என்று பத்துப் பதினைந்து பேர் காத்திருந்திருக்கிறார்கள். உனக்கு முன்னால் வாய் திறந்து யாருக்கும் பழக்கம் இல்லை. நீ குப்பை என்று சொன்ன அந்த ஆசிரியர்கூடக் காத்திருந்திருக்கிறார். டாக்டர் என்னிடம் தொலைபேசியில் பேசினார். "அவங்க ஒரு வரி எழுதியிருந்தா நானே முன்மொழிவை வாபஸ் வாங்கியிருப்பேன் சார். எழுதிடுவாங்கன்னுதானே போட்டோம்" என்றார்.

நீ அவர்களுக்காகக் காத்திருந்தாய். அவர்கள் உனக்காகக் காத்திருந்தார்கள். உன் விதி இரண்டு மௌனத்தையும் சம்மதம் என்று எழுதிக்கொண்டது.

நான் எழுதினேன் அக்கா. 18ஆம் தேதி கடையில் உட்கார்ந்து, அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, 'மறுக்கிறேன்' என்று தட்டினேன். காரணம் என்ற இடத்தில் 'அவர் என் அக்கா' என்பதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. அது காரணம் ஆகாது என்று அழித்துவிட்டேன். அன்றைக்கு எறும்பின் மடலை மறுபடி படித்தேன். அவளுக்கும் எங்கேயோ ஒரு தம்பி இருப்பான் என்று தோன்றியது. அனுப்பவில்லை. இதற்காக நீ என்னை மன்னிக்காமல் இருந்தால் எனக்குப் புரியும்.

முகவரி இல்லை. போகும்போது தன் விவரங்களை அழித்துவிடச் சொல்லிக் கேட்டிருந்தாள். போகிறவரைப் பின்தொடரக் கூடாது, விவரம் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் நீ எழுதிய விதிதான். அன்றே அழித்துவிட்டோம். எறும்பு என்ற பெயரையும் குழுவுக்கு அவள் அனுப்பிய மடல்களையும் தவிர எங்களிடம் எதுவும் இல்லை.

உனக்குச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நானே முன்மொழியப்போகிறேன். இந்தத் தடவை யாரும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். சரி என்று மட்டும் சொல். கண் விஷயத்தைக் குழுவில் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இங்கே வந்து எங்களோடு இருக்கலாம். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
தம்பி


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் அதற்குப் பின்னால் அனுப்பிய இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது. கோபம் இல்லை. கையெழுத்துப் போடுவதற்காக உன் அத்தான் ஒரு அட்டை வைத்திருந்தாரே, நடுவில் நீளமாக வெட்டியது, அதைத் தேடி எடுத்தேன். வெட்டிய இடத்துக்குள் ஒரு வரி எழுதிவிட்டு அட்டையைக் கீழே நகர்த்துகிறேன். வரி கோணினால் பொறுத்துக்கொள்.

மாடி அறைக்கு நன்றி. படி ஏற முடியாது. இந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும்.

இப்போது எல்லாவற்றையும் வாசிப்பானில்தான் கேட்கிறேன். செய்தித்தாள், வங்கியிலிருந்து வரும் கடிதம், மாத்திரை அட்டையில் இருப்பது எல்லாம். முதல் மாதம் அந்த நிறுத்தம் எனக்கு ஆறுதலாக இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருந்தது. இரண்டாம் மாதம் பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் மாதம், தம்பி, கமா வந்தால் எனக்குக் கோபம் வந்தது. ஒரு செய்தி முடிவதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. சீக்கிரம் சொல்லித் தொலையேன் என்று கத்தினேன். நாள் முழுக்கக் கேட்டே ஆக வேண்டியவளுக்கு நிறுத்தம் மூச்சு இல்லை, இடைஞ்சல். அவர் காலையில் ஒரு மணி நேரம் செய்தித்தாள் கேட்பார். மீதி நேரமெல்லாம் அவருக்கு நான் படித்துக் காட்டினேன். அவருக்கு என் குரல் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு இயந்திரம் மட்டும்தான். எனக்கும் இப்போது அப்படித்தான். 'எங்களுக்கு' என்று அவள் எழுதினாளே, அதில் நானும் இருக்கிறேன்.

கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார் என்றேன். உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

அவள் அனுப்பிய திருத்தத்தை என் கணினியில் போட்டேன். நாலே வரி. பிழை இல்லை. நிறுத்தத்தை அவள் அழித்துவிட்டாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அழிக்கவில்லை. வேண்டுகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு தேர்வாக மாற்றியிருக்கிறாள். முதல் மடலின் நடுப் பத்தியை வாசிப்பானைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். கண்ணைப் பற்றி ஒரே வரிதான். மீதி எல்லாம் என்னைப் பற்றி. பன்னிரண்டு வயதிலிருந்து வாசிப்பானில்தான் பாடம் கேட்டாளாம். பரீட்சைக்கெல்லாம் இந்தக் குரல்தான் கூட வந்ததாம். இதை எழுதிய அம்மாவுக்கு ஏதாவது திருப்பிச் செய்ய வேண்டும் என்று நிரல் எழுதக் கற்றுக்கொண்டாளாம். தான் அனுப்பப்போகும் திருத்தம் நிராகரிக்கப்பட்டாலும் பரவாயில்லை, அவர் ஒரு தடவை அதைப் படித்தால் போதும் என்று எழுதியிருந்தாள்.

அதை நான் மூன்று தடவை கேட்டேன். நிறுத்தம் இல்லாமல்.

இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். அது ஒரு திருத்தம். என்னிடம் சாவி இல்லை, அதனால் புதிதாக வருகிறவர்கள் அனுப்புவது போல அனுப்புகிறேன். எறும்பின் நாலு வரியைச் சேர்த்து, அதற்கு மேலே ஒரு குறிப்பு எழுத வேண்டும்: 'இதைச் செய்தவர் எறும்பு. இது சரி. முதலில் தவறாக மறுக்கப்பட்டது.' மறுத்தவர் பெயரையும் போடு. மடற்குழுவில் ஏழு நாள் வை. யாராவது எதிர்த்தால் காரணம் கேள். நிரல் எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது. அவள் என்றைக்காவது ஒரு நாள் அந்த வரியைக் கேட்க நேரலாம். நேராமலும் போகலாம்.

இரண்டாவது, எனக்குச் சாவியைத் திருப்பிக் கொடுக்க முன்மொழியப்போவதாக மூன்று கடிதத்திலும் எழுதியிருக்கிறாய். நான் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வீர்கள். அதனால் விதிப்படி எழுதிக் கொடுக்கிறேன். இதைக் குழுவில் படித்துக் காட்டு. என்னை நீ அவர் என்றோ தங்கள் என்றோ சொல்ல வேண்டாம், அக்கா எழுதினாள் என்று சொல்லிப் படி.

மறுக்கிறேன்.

காரணம்: அந்தப் பெண் திரும்பி வரவில்லை.

அக்கா